சேலத்துச் சம்பந்தி – 9: தந்தையர் வாங்கிய வாய்தா

சென்ற வாரம் கதையைத் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் நிறுத்தியிருந்தோம். 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917இல் நகராட்சித் தலைவராகி, பிறகு சென்னை, வேலூர்ச் சிறை என்று சுற்றிவந்த ராஜாஜி, 1925இல் ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். பிப்ரவரி 6ஆம் தேதி அதைத் திறந்துவைத்தவர் ஈ.வெ. ராமசாமி. ராஜாஜியின் மனைவி அலமேலு மங்கம்மாள் இறந்து அப்போது ஏறக்குறையப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி லட்சுமி, 1912இல் பிறந்தவர்.

இந்த வாரம் அந்தப் பெண்ணின் கல்யாணக் கதை. கல்யாணம் பேசியவர்களில் ஒருவர் சேலத்து வக்கீல். மற்றவர் மகாத்மா காந்தி.

✦

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில், சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். அங்குள்ள கோதண்டராமர் கோயிலுக்கு ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. இலங்கைப் போர் முடித்துத் திரும்புகிறபோது முடிசூட்டுக்குரிய நல்ல நேரம் நெருங்கிவிட்டதாம். வடக்கே அயோத்தி இன்னும் வெகுதூரத்தில் இருக்க, இராமன் இங்கேயே பட்டாபிஷேகக் கோலம் கொண்டானாம். இதற்குச் சான்று தேடுவது வீண் வேலை. ஆனால் இராமாயணம் என்ற நெடுங்கதையிலிருந்து ஓர் ஊர் தனக்கென்று எந்த நாளை எடுத்துக்கொள்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பொன்மானைத் துரத்திய காட்டையும் வில்லை வளைத்த போர்க்களத்தையும் விட்டுவிட்டு, பிரிந்த குடும்பம் மறுபடி ஒன்றுகூடிய நாளை இந்த ஊர் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வருகிற ஊர்வம்பும், கர்ப்பிணியான சீதை மறுபடி காட்டுக்குப் போவதும் இந்த ஊரின் கதையில் இல்லை.

ராஜாஜியும் அதே இடத்தில்தான் நிறுத்தினார். 1950களில் கல்கி இதழில் அவர் தொடராக எழுதி, 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சக்கரவர்த்தித் திருமகன்’ பட்டாபிஷேகத்தோடு முடிகிறது. உத்தர காண்டத்தைத் தன் மனம் ஏற்கவில்லை என்றும், சீதையின் இரண்டாம் வனவாசத்தில் நம் நாட்டுப் பெண்கள் வாய்திறவாமல் படும் துன்பமே தெரிகிறது என்றும் கருத்துப்பட அவர் முடிவுரையில் எழுதினார். அயோத்தியாப்பட்டணத்துக் கோயிலைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் இந்தத் தொடரும் ஸ்தல புராணம் ஆகிவிடும். என் கேள்வி வேறு. சீதையை இரண்டாம் முறை சோதிப்பதை ஏற்காத இந்த மனிதர், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன் தன் சொந்த மகளை ஐந்தாண்டு காத்திருக்க வைத்தார். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

வழக்கமாக அது ஒரு காதலின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. தந்தையர் சோதித்தார்கள், பிள்ளைகள் தேறினார்கள், கல்யாணம் நடந்தது. நான் இதை ஏற்கவில்லை. அந்த ஐந்தாண்டில் பிள்ளைகள் மாறியதாக எந்த அடையாளமும் இல்லை. தொடக்கத்தில் என்ன கேட்டார்களோ அதையேதான் முடிவிலும் கேட்டார்கள். மாறியவர்கள் பெரியவர்கள். அந்த அவகாசம் அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

✦

தேவதாஸ், காந்தியின் நான்காவது மகன், கடைசிப் பிள்ளை. 1900இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிறந்தவர். 1918இல் தகப்பனார் அவரைச் சென்னைக்கு அனுப்பினார், தென்னாட்டாருக்கு இந்தி சொல்லிக்கொடுக்க. (இருபது ஆண்டு கழித்துப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ராஜாஜி வாங்கிக் கட்டிக்கொண்டதையும், புதுப்பாளையம் ஆசிரமத்தைத் திறந்துவைத்த அதே ஈ.வெ.ரா. அந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியதையும் உரிய இடத்தில் பார்ப்போம்.) 1919 மார்ச்சில் காந்தி சென்னையில் ராஜாஜி வீட்டில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு என்ற யோசனை அவருக்கு உதித்தது அங்கேதான். இரு குடும்பங்களின் உறவு இப்படி அரசியல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

1927 மார்ச்சில் காந்தி சுற்றுப்பயணத்தின் நடுவே கடுமையாக நோயுற்றார். உடல் தேற நந்தி மலையிலும் பெங்களூரிலும் சில மாதங்கள் ஓய்வெடுத்தார். அந்த நாட்களில் இரு குடும்பங்களும் இன்னும் நெருங்கின. தேவதாஸ் – லட்சுமி விஷயம் விரைவிலேயே இரு தந்தையரின் காதுக்கும் எட்டியது. தேவதாஸுக்கு வயது 28. லட்சுமிக்கு 15. மாப்பிள்ளை குஜராத்தி பனியா. பெண் தமிழ் ஐயங்கார்.

தந்தையர் சொன்ன பதில்: ஐந்தாண்டு காத்திருங்கள், ஒருவரையொருவர் பார்க்காதீர்கள். அதற்குப் பிறகும் இதே மனம் இருந்தால் பேசுவோம்.

அந்தப் பதிலில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒருவர் பாரிஸ்டர், மற்றவர் சேலம் கோர்ட்டில் பேரெடுத்த வக்கீல். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாய்தா வாங்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வழக்குக்கு இன்னும் தயாராகாத தரப்புத்தான் வாய்தா கேட்கும் என்பது கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

✦

யார் தயாராக இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள, காந்தி தன் மற்றப் பிள்ளைகளின் கல்யாணத்தில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். மூத்தவர் ஹரிலால் 1906இல், தகப்பனார் தென்னாப்பிரிக்காவில் இருக்கையில், அவருடைய சம்மதம் இல்லாமலே கல்யாணம் செய்துகொண்டார். மனைவி குலாப் 1918இல் இறந்தபின் மறுமணம் செய்ய நினைத்தபோதும் தந்தையின் ஆதரவு கிடைக்கவில்லை. 1936இல் ஹரிலால் இஸ்லாத்துக்கு மாறி, பிறகு திரும்பி வந்த கதை ஊரறிந்தது. இரண்டாமவர் மணிலால், தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர். கேப் டவுனில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணை மணக்க அவர் விரும்பினார். 1926இல் காந்தி எழுதிய கடிதம் அந்தக் காதலை முடித்துவைத்தது. அது தர்மத்துக்கு மாறானது, இந்து–முஸ்லிம் உறவுக்கும் நல்லதல்ல என்பது அவர் வாதம். மறுவருஷமே மணிலாலுக்குத் தம் வகுப்புக்குள்ளேயே, மஷ்ருவாலா குடும்பத்து சுசீலாவோடு கல்யாணம் நடந்தது.

ஆக, தேவதாஸ் விஷயம் எழுந்தபோது மணிலாலுக்குச் சொன்ன மறுப்பின் மை இன்னும் காயவில்லை. காந்தியின் எழுத்தும் குறுக்கே நின்றது. 1921இல் ‘யங் இந்தியா’வில், வர்ணங்களுக்கிடையே சமபந்தியையும் கலப்பு மணத்தையும் இந்து தர்மம் ஊக்குவிக்கவில்லை என்று அழுத்தமாகவே எழுதியிருந்தார் அவர். தீண்டாமையை அவர் அன்றே பாவம் என்றார். சாதிக்குள் கல்யாணம் என்ற வழக்கத்தை அந்தப் பாவக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது ‘சரி’ என்றால் தான் எழுதியதும் மணிலாலுக்குச் சொன்னதும் இடிக்கும். ‘இல்லை’ என்றால், தென்னாட்டில் தனக்கு மிகவும் வேண்டியவரான ராஜாஜியின் மகளை வேண்டாம் என்றதாகும். இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததுதான் ஐந்தாண்டு.

ராஜாஜியின் நிலை வேறு. ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டவர்களோடு ஒன்றாக வசித்து ஒன்றாக உண்டவர் அவர். சேலத்து வைதிகர்களின் முணுமுணுப்பு அவருக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் பந்தியில் ஒன்றாக உட்காருவதும் பெண் கொடுப்பதும் நம் ஊரில் ஒன்றல்ல. அதிலும் இது, பிராமணப் பெண் வேறு வர்ணத்து ஆணை மணக்கும் கல்யாணம்; பிரதிலோமம் என்று சாஸ்திரம் கடிந்தது. அன்றைய நீதிமன்றங்களும் அத்தகைய மணம் செல்லாது என்ற பக்கமே சாய்ந்திருந்தன. தாயில்லாத பெண்ணின் தகப்பனாருக்கு அந்தக் கவலை சின்னதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

✦

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, எல்லோருக்கும் எளிதில் தோன்றுவது: லட்சுமிக்கு வயது 15தானே, காத்திருக்கச் சொன்னதில் என்ன தவறு? தவறே இல்லை. வயதுவந்த ஆணுக்கும் பதின்வயதுப் பெண்ணுக்கும் உடனே கல்யாணம் செய்துவைக்காமல் இருந்தது அந்தத் தந்தையரின் நல்ல காரியங்களில் ஒன்று. அந்தக் காலத்தின் அளவுகோல் எங்கே இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1929இல் வந்த சாரதா சட்டமே பெண்ணின் குறைந்தபட்ச மணவயதை 14 என்றுதான் வைத்தது. 1897இல் ராஜாஜி கைப்பிடித்த அலமேலு மங்கம்மாளே அப்போது சிறுமி. அந்தத் தலைமுறையில் 15 வயதுப் பெண்ணைப் பொறுத்திருக்கச் சொன்னது முற்போக்கு. ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால், ‘பெண்ணுக்கு 18 ஆகட்டும், நிச்சயம் செய்துவைக்கிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. பார்க்கவே கூடாது என்றார்கள். அதற்குப் பிறகும் மனம் மாறாதிருந்தால் என்று நிபந்தனை வைத்தார்கள். ஆறிப்போகட்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் ஒளிந்திருக்கிறது. வயதை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. கலப்பு மணம் பற்றிய காந்தியின் கருத்து மாறியதற்குக் காரணம் அம்பேத்கரும் எரவாடாவும்தான், மகனின் காதலை ஏன் நடுவில் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். 1932 செப்டம்பர் 20ஆம் தேதி எரவாடா சிறையில் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தை நடந்த அந்த நாட்களில் ராஜாஜியும் பூனாவில் இருந்தார், தேவதாஸும் இருந்தார். ஒப்பந்தம் முடிந்த மகிழ்ச்சியில் ராஜாஜியும் அம்பேத்கரும் பேனாக்களை மாற்றிக்கொண்டார்கள் என்பது பலரும் சொன்ன செய்தி. தீண்டாமை வேறு, சாதி வேறு என்று காந்தி பிடித்திருந்த கோட்டை அம்பேத்கர் ஏற்கவே இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது அவர் வாதம். அதே ஆண்டு நவம்பரில், சமபந்திக்கும் கலப்பு மணத்துக்கும் போடப்பட்ட தடை இந்து மதத்தின் அங்கமல்ல என்று காந்தி அறிக்கை விட்டார். 1921இல் எழுதியதற்கு இது நேர் எதிர்.

எனவே அந்த மறுப்பில் பெரும்பகுதி உண்மை. காந்தியை நகர்த்திய பெரிய விசை அம்பேத்கர்தான். ஒரு மகனின் காதல் மட்டும் அதைச் செய்திருக்கும் என்று நான் வாதாடவில்லை, மணிலாலின் காதல் செய்யவில்லையே! ஆனால் ஒரு கொள்கை அறிக்கையில் மாறுவது ஒன்று, வீட்டில் மாறுவது இன்னொன்று. மேடையில் சாதி மறுப்புப் பேசிவிட்டுத் தன் வீட்டு ஜாதகத்தில் குலம் கோத்திரம் பார்க்கும் தலைவர்களுக்கு அன்றும் பஞ்சமில்லை, இன்றும் இல்லை. காந்திக்கு அந்த வசதி இல்லாமல் போனது, வாய்தா முடியும் தேதியைக் காத்து இரண்டு பேர் நின்றுகொண்டிருந்ததால். 1928இலேயே மறுத்திருந்தால் 1932இன் அறிக்கையை உரசிப்பார்க்க வீட்டில் ஆள் இருந்திருக்காது. அன்றே ஒப்பியிருந்தால், நண்பருக்காகச் செய்த விதிவிலக்கு என்று கடந்துபோயிருக்கலாம். காத்திருந்த பிள்ளைகள் தந்தையரை அவர்களுடைய புதிய சொல்லுக்குக் கட்டிப்போட்டார்கள்.

✦

1933 மே 8. தீண்டாமை ஒழிப்புக்கான தூய்மை வேண்டி காந்தி 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். அன்றே அரசு அவரை விடுதலை செய்தது. பூனாவில் தாக்கர்சி குடும்பத்தின் ‘பர்ணகுடி’ மாளிகையில் நோன்பு தொடர்ந்து, மே 29இல் முடிந்தது. அவர் பிழைப்பாரா என்று நாடே பயந்திருந்த நாட்கள் அவை.

ஜூன் 16. அதே பர்ணகுடியில் தேவதாஸ் – லட்சுமி திருமணம் நடந்தது. உண்ணாவிரதம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சடங்கை நடத்திவைத்தவர் மராட்டியச் சம்ஸ்கிருத அறிஞர் லட்சுமண சாஸ்திரி ஜோஷி. தீண்டாமைக்குச் சாஸ்திர ஆதாரம் இல்லை என்று வாதாடியவர். ஸ்ரீரங்கத்து முறைப்படியோ, போர்பந்தர் முறைப்படியோ மண்டபமும் மேளமும் இல்லை. அக்கினி இருந்தது, மந்திரம் இருந்தது. சாஸ்திரத்தை அறவே உதறிவிட்டு ஒரு கல்யாணத்தை நடத்த அந்த இரண்டு தந்தையரும் தயாராக இல்லை. சாஸ்திரத்தை வேறுவிதமாகப் படிக்கத் தயாராகியிருந்தார்கள். அவர்களுடைய மாற்றத்தின் அளவும் எல்லையும் இதில் தெரிகின்றன. ஆசிரமத்தைத் திறந்துவைத்த ஈ.வெ.ரா. அதே காலத்தில் புரோகிதரே இல்லாத சுயமரியாதைத் திருமணங்களை ஊர் ஊராக நடத்திக்கொண்டிருந்தார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லை இன்னும் துலங்கும். சாதி கடந்த இந்துத் திருமணங்கள் எல்லாம் செல்லும் என்று நாட்டின் சட்டம் தெளிவாகச் சொல்ல 1949 வரை ஆயிற்று.

காத்திருப்பு வீண்போகவில்லை என்பதால் அதன் விலை இல்லாமல் போய்விடாது. பெரியவர்கள் தங்கள் மனத்தோடு சமாதானம் செய்துகொள்ள இரண்டு இளையவர்கள் ஐந்தாண்டு கொடுத்தார்கள். இராமாயணத்தில் தந்தையின் சொல்லுக்காக மகன் காட்டுக்குப் போகிறான். அந்தத் துயரத்தில் தந்தை உயிரை விடுகிறான். இங்கே சொன்னவர்களுக்கு அப்படி எந்தக் கணக்கும் வரவில்லை. ராஜாஜியின் வீட்டில் இன்னொரு மகளும் இருந்தார். நாமக்கல் மலையடிவாரத் தாயாரின் பெயர் கொண்ட நமகிரி, இளவயதிலேயே கணவரை இழந்து, 1972இல் ராஜாஜி கண்மூடும்வரை அவரைக் கவனித்துக்கொண்டார். தகப்பனார் முதல்வரானபோதும், கவர்னர் ஜெனரலானபோதும் வீட்டைத் தாங்கியவர் அவர். வரலாறு அவருக்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்கவில்லை. சீதையின் இரண்டாம் வனவாசத்தை எழுத மறுத்த தகப்பனாரை மதிக்கிறேன். அந்த மறுப்பில், வீட்டிலிருந்த இரண்டு மகள்களின் முகமும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

✦

ஊர் வாய் சும்மா இருக்குமா? மகாத்மாவுக்குச் சம்பந்தி ஆனதால் ராஜாஜிக்கு ஏற்றம் என்று பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் அதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். காலவரிசையே இதற்குப் பதில். காந்தி சிறையிலிருந்தபோது 1922இல் கயா காங்கிரஸில் அவருடைய வழியை மாற்றக் கூடாது என்று முன்னணியில் நின்று வாதாடியவர் ராஜாஜி. லட்சுமிக்கு அப்போது பத்து வயது. சம்பந்தம் வருவதற்கு முன்பே அந்த இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபரில் முதல் காரியமாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் புதுப்பாளையத்தில் விதைத்த விதையின் அறுவடை.

சம்பந்தம் கைகொடுத்திருக்க வேண்டுமானால், 1942இல்தான் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஏப்ரலில், முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுப் பேச வேண்டும் என்று ராஜாஜி சென்னையில் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். கட்சி கொதித்தது. காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். ஜூலையில் காங்கிரஸிலிருந்தே வெளியேறினார். ஆகஸ்ட் 8ஆம் தேதி காந்தி ‘வெள்ளையனே வெளியேறு’ என்றபோது, அதைத் தவறென்று வெளிப்படையாகச் சொன்னவர் அவருடைய சம்பந்தி. காந்தி ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டார். ராஜாஜி வெளியே, தன்னந்தனியாக, கூட்டங்களில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது தேவதாஸ் டெல்லியில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ ஆசிரியர். லட்சுமியின் மடியில் தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரா என்று மூன்று குழந்தைகள். குழந்தைகளின் தாத்தா ஒருவர் சிறையில். அவரை மறுத்துப் பேசும் தாத்தா வெளியில். 1943இல் மறுபடி ஒரு 21 நாள் உண்ணாவிரதம் வந்தது. ஆகாகான் மாளிகையின் கதவு ராஜாஜிக்குத் திறந்தது. கையில் ஒரு திட்டத்தோடு உள்ளே போனார்.

கட்சி துரத்தியவரை உள்ளே அழைத்தது அரசியல் தேவையா, பத்தாண்டுக்கு முன் பர்ணகுடியில் ஏற்பட்ட உறவா? அடுத்த வாரம்.